அப்பா கேட்ட ஒரே ஒரு கேள்வி: வாசகர் கேள்வி பதில்

போன மாத இதழில், ஆர்தர் மில்லர் எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தைப் படித்த அன்றுதான் என் அப்பாவும் ஒரு காலத்தில் யாருக்கோ பிள்ளையாக இருந்தவர் என்பது எனக்கு உறைத்தது என்று, வேறு ஏதோ கேள்விக்கு நடுவில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கிள்ளானிலிருந்து ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றையும் போட இடமில்லை, சிலதைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன். இந்த மாதம் முழுக்க இது ஒன்றுதான்: அமெரிக்கக் கதைகளில் அப்பாவும் மகனும்.

கேள்வி: என் மகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறான். அமெரிக்காவில் பதினெட்டு வயசானால் பிள்ளைகள் தனியாகப் போய்விடுவார்கள், அப்புறம் அப்பனும் மகனும் கிறிஸ்துமஸுக்குத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் கதையில் அப்பா பிள்ளை உறவைப் பற்றிப் படிக்க என்ன சார் இருக்கிறது? (ஒரு தந்தை, செந்தூல்)

பதில்: அண்ணே, நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி சரி. பிள்ளைகள் சீக்கிரம் வீட்டை விட்டுப் போகிறார்கள்தான். ஆனால் போன பிள்ளை அப்பாவைத் தலையில் சுமந்துகொண்டே திரிகிறான், அவர்கள் இலக்கியத்தில் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் சொன்ன நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். 1949-இல் நியூயார்க்கில் மேடையேறி அந்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்கியது. மில்லருக்கு அப்போது 33 வயதுதான். வில்லி லோமன் என்று ஒரு விற்பனையாளர், வயது 63, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கார் ஓட்டி ஓய்ந்துபோனவர். மூத்த மகன் பிஃப், 34 வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காதவன். பள்ளிக்கூட நாளில் அவன் ஃபுட்பால் நட்சத்திரம், அப்பாவுக்கு அவன்தான் உலகம். கணக்கில் ஃபெயிலாகிப்போய், அப்பா வந்து வாத்தியாரிடம் இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, அவர் வேலைக்குப் போன இடத்தில், பாஸ்டனில், ஹோட்டல் அறைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே வேறொரு பெண். போகும்போது அவள், அவர் தருவதாகச் சொன்ன காலுறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். வீட்டிலோ அம்மா பிய்ந்த காலுறையைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறவள். பையன் வெடித்து அழுவது அந்தக் காலுறையைச் சொல்லித்தான், அம்மாவுடையதை இவளுக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று. நான் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். இந்த இடத்தைச் சொன்னால், கடைசி வரிசையில் கதை பேசிக்கொண்டிருக்கும் பையன்கள்கூட வாயை மூடிவிடுவார்கள்.

அன்றிலிருந்து அப்பாவும் மகனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதைப் பேசாமலிருக்க வேண்டுமே என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் பேசிச் சண்டை போடுகிறார்கள், எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் தடவை படித்தபோது எனக்கு வில்லிமேல் ஒரே ஆத்திரம். வயசாக ஆக வேறொரு இடம் கண்ணில் பட்டது. வில்லி கைப்பிள்ளையாக இருக்கும்போதே அவருடைய அப்பா குடும்பத்தை விட்டுவிட்டு அலாஸ்காவுக்குப் போய்விட்டார். புல்லாங்குழல் செய்து விற்ற மனிதர். வில்லிக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது ஒரு பெரிய தாடி, அம்மாவின் மடி, எங்கோ கேட்ட ஒரு சங்கீதம், அவ்வளவுதான். அப்பா எப்படி இருப்பார் என்று பார்த்து வளராத ஒருவர், தன் பிள்ளைகளைச் சரியாகத்தான் வளர்க்கிறேனா என்று செத்துப்போன அண்ணனிடம் கற்பனையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன மாதம் நான் எழுதிய வரி இந்த இடத்தைப் பற்றித்தான். என் தாத்தா, அப்பாவுக்கு ஆறு வயசாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதுவரை அதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

முடிவில் பிஃப் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுகிறான். நான் பெரிய ஆள் இல்லை, நீங்களும் இல்லை, அந்தக் கனவைத் தூக்கிப் போடுங்கள் என்று கெஞ்சுகிறான். வில்லியின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: என் பிள்ளைக்கு என்னைப் பிடித்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடேயே, இன்சூரன்ஸ் பணம் 20,000 டாலர் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு சாகப் போகிறார்.

அண்ணே, மகன் இந்தப் படிப்பை எடுத்ததில் உங்களுக்கு இஷ்டமில்லை, ஆனால் அவனிடம் சொன்னதில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவன் அலமாரியில் இந்த நாடகம் கட்டாயம் இருக்கும். "கொடுப்பா, படிச்சுப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

கேள்வி: 'ஹக்கில்பெரி ஃபின்' சிறுவர் கதைதானே? அதையும் இந்த வரிசையில் சேர்ப்பீர்களா? (வாசகர், ரவாங்)

பதில்: கட்டாயம் சேர்ப்பேன். 1880-களில் மார்க் ட்வெய்ன் எழுதிய அந்தக் கதையில் ஹக்கின் அப்பா ஒரு குடிகாரர். பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான் என்பதற்காகவே அவனை அடிக்கிறார், அப்பனைவிட நீ பெரிய ஆளாகிவிட்டாயா என்று கேட்டு. பிள்ளை முன்னுக்கு வருவதைத் தனக்கு அவமானமாக எடுத்துக்கொள்கிற அப்பா! ஆற்றில் மிதந்து வரும் வீட்டில் ஒரு பிணம் கிடக்கிறது, ஹக்கோடு படகில் கூட வரும் ஜிம் அதன் முகத்தைப் பையன் பார்க்காதபடி மறைத்துவிடுகிறான். அது யார் என்பது கதையின் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். ஜிம் ஓர் அடிமை, தன் பிள்ளைகளைப் பிரிந்து ஓடிக்கொண்டிருப்பவன். அந்தப் படகில் ஹக்குக்கு அப்பாவாக இருந்தது அவன்தான்.

கேள்வி: (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்) அப்பா லோரி ஓட்டினார். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார், இருந்தால் தூங்குவார், விழித்தால் ஏசுவார். ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக நினைவே இல்லை. போன வருஷம் தவறிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கருமாதி முடிந்து வந்தவர்கள் எல்லாம் "அப்பா உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்பட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது உண்மைதான் என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. இதையெல்லாம் யாராவது எழுதியிருக்கிறார்களா? (ஒரு மகன், கிள்ளான்)

பதில்: எழுதியிருக்கிறார்கள். பதினான்கே வரியில்.

ராபர்ட் ஹேடன் என்ற கறுப்பினக் கவிஞர், 1913-இல் டெட்ராய்ட் நகரத்தில் பிறந்து, பெற்றவர்களைப் பிரிந்து பக்கத்து வீட்டுக்காரர்களால் வளர்க்கப்பட்டவர். 1962-இல் வந்த அவருடைய கவிதை 'தோஸ் வின்டர் சண்டேஸ்'. விஷயம் இவ்வளவுதான்: குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா விடியுமுன் எழுந்து, அந்தக் குளிரில் உடுத்திக்கொண்டு, வாரம் முழுக்க வெளிவேலை செய்து வெடித்துப்போன கைகளால் அடுப்பு மூட்டுகிறார். யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. வீடு சூடேறிய பிறகு பிள்ளையைக் கூப்பிடுகிறார். பிள்ளை மெதுவாக எழுந்து, அந்த வீட்டில் எப்போதும் இருக்கிற கோபத்துக்குப் பயந்துகொண்டே, அப்பாவிடம் ஏனோதானோ என்று பேசுகிறான். குளிரை விரட்டிவிட்டு அவனுடைய நல்ல சப்பாத்தையும் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார் அந்த மனிதர். எனக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு முடிக்கிறார் ஹேடன்.

கவிதையின் முதல் இரண்டு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் வைத்துப் பார்த்தால் 'ஞாயிற்றுக்கிழமையும்' என்று வரும். அந்த 'உம்' ஒன்றே போதும். மற்ற ஆறு நாளும் அவர் என்ன செய்தார் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தார். வேலைக்காட்டிலிருந்து வந்தால் முழங்கை முடியில் காய்ந்த பால் நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும், திண்ணையில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருப்பார். அவரோடு எனக்குப் பேச்சு என்பது "சாப்பிட்டியா", "உம்" என்பதுதான். கோபம் வந்தால் இடுப்பு பெல்ட்டைக் கழற்றுவார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் என் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து இரண்டையும் கழுவிக் காயவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் வெள்ளை பூசி, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவார். மறுநாள் காலையில் கால் நுழைக்கும்போது உள்ளே லேசாகச் சூடு இருக்கும். நான் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. ஹேடன் கவிதையை முதன்முதலில் படித்தது ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, ஒரு மத்தியான வகுப்பில். அந்தச் சப்பாத்து வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தம்பி, அந்தக் கவிதையில் எனக்கு ரொம்பப் பெரிதாகப் படுவது வேறொன்று. அப்பாவின் உழைப்பைச் சொல்கிறபோது அந்த வீட்டின் கோபத்தையும் பயத்தையும் ஹேடன் அழித்துவிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். உங்கள் அப்பா கஷ்டப்பட்டார் என்பது உண்மை, ஏசினார் என்பதும் உண்மை. கருமாதிக்கு வந்தவர்கள் ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னொன்றை நீங்கள் வைத்திருப்பதில் தப்பு ஒன்றுமில்லை. அழுகை வராததற்காக உங்களை நீங்களே கரித்துக்கொட்ட வேண்டாம். எனக்கு வந்தது அப்பா போய் ஐந்து வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாமல், ஒரு சப்பாத்துக் கடையில்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. காற்பந்து என்றால் உயிர். பயிற்றுநர் நல்லா வருவான் என்கிறார். என் வீட்டுக்காரரோ, "நம்ம பிள்ளைக்கெல்லாம் அங்க இடம் கொடுக்க மாட்டாங்க, படிச்சு ஒரு வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான். இருவரும் மூன்று மாதமாகப் பேசுவதில்லை. (ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஆகஸ்ட் வில்சன் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாரோ என்று தோன்றிவிட்டது. அவருடைய 'ஃபென்சஸ்' நாடகம் இதே கதை. 1987-இல் புலிட்சர் வாங்கியது. 2016-இல் டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்துப் படமாகவும் வந்தது, ஆங்கில நாடகம் படிப்பது சிரமமென்றால் படத்தைப் பாருங்கள், மூன்று பேரும் சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கதை நடப்பது 1957, பிட்ஸ்பர்க் நகரம். டிராய் மேக்ஸன் குப்பை அள்ளும் லோரியில் வேலை செய்கிறார். இளவயதில் பேஸ்பாலில் சூரர், ஆனால் கறுப்பர்கள் தனி லீகில்தான் ஆட முடியும் என்றிருந்த காலம், பெரிய லீக் கதவு திறந்தபோது அவருக்கு வயசாகிவிட்டது. மகன் கோரிக்குக் கல்லூரி ஃபுட்பால் அணியிலிருந்து அழைப்பு வருகிறது. அப்பா மகனிடம் சொல்லாமலேயே பயிற்றுநரிடம் போய், இவன் ஆட மாட்டான் என்று முடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

அந்த நாடகத்தில் ஓர் இடம். உங்களுக்கு ஏன் என்னை எப்பவுமே பிடிக்கல என்று மகன் கேட்கிறான். அப்பா பதிலுக்குக் கேள்வியாகக் கேட்கிறார்: தினம் சாப்பிடுகிறாயா, தலைக்குமேல் கூரை இருக்கிறதா, முதுகில் சட்டை இருக்கிறதா? அதெல்லாம் உன்னைப் பிடித்திருப்பதாலா தருகிறேன்? நீ என் பிள்ளை, உனக்குச் செய்ய வேண்டியது என் கடமை, பிடிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? சம்பள நாளில் முதலாளி எனக்குக் காசு கொடுப்பது என்னைப் பிடித்திருப்பதால் இல்லை, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார். அடுத்தவனுக்கு உன்னைப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே, உனக்கு நியாயமாக நடந்துகொள்கிறானா என்று பார்.

எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இங்கே இரண்டு பக்கமும் இழுக்கும். அவர் சொல்வதில் பொய்யில்லை. அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரே தன் அப்பாவோடு அடித்துக்கொண்டு 14 வயதில் வீட்டை விட்டு ஓடி வந்தவர். ஆனால் காலம் மாறிவிட்டது என்று மனைவி ரோஸ் எடுத்துச் சொல்லியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தனக்குக் கிடைக்காதது மகனுக்கும் கிடைக்காது என்று அவரே முடிவு கட்டினார் பாருங்கள், அங்கே நான் டிராயோடு நிற்க மாட்டேன். அவன் போய்ப் பார்த்துத் தோற்றுவிட்டு வந்திருந்தால் அது அவனுடைய தோல்வியாகவாவது இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் ஆடிய காலத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று மகனுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால், அதை அவர் வாயால் சொல்ல வையுங்கள். கடைசிக் காட்சியில் அப்பா செத்த பிறகு வீட்டுக்கு வரும் கோரி, சாவுக்கு வரமாட்டேன் என்று முரண்டு பிடித்துவிட்டு, அப்பா பாடும் ஒரு பழைய நாய்ப் பாட்டைத் தங்கச்சியோடு சேர்ந்து பாடுகிறான். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை அல்லவா, உங்கள் வீட்டில் இரண்டு பேரும் உயிரோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதில் எல்லாம் அப்பாக்கள் ஏதோ ஒரு வகையில் மோசமாகத்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நல்ல அப்பாகூட இல்லையா? (வாசகி, செராஸ்)

பதில்: இருக்கிறார், சாம்பல் மூடிய ஒரு சாலையில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்', 2006-இல் வந்த நாவல், மறு வருஷம் புலிட்சர். உலகமே எரிந்து அழிந்தபிறகு ஓர் அப்பாவும் ஒரு சின்னப் பையனும் தள்ளுவண்டியோடு தெற்கே நடக்கிறார்கள். இருவருக்கும் கதையில் பெயரே இல்லை. மெக்கார்த்தி தன் சின்ன மகனோடு எல் பாசோ என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது, பிள்ளை தூங்க, இவர் ஜன்னலில் நின்று இன்னும் ஐம்பது, நூறு வருஷத்தில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்ததில் பிறந்த கதை இது. புத்தகத்தை அந்த மகனுக்கே சமர்ப்பித்திருக்கிறார்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். எங்கோ கிடைத்த கொஞ்சம் கோக்கோவை அப்பா முழுவதும் மகன் குவளையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கு வெறும் சுடுதண்ணீரை ஊற்றிக்கொள்கிறார். பையன் கண்டுபிடித்துவிடுகிறான். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்கிறான். சின்ன வாக்கை மீறுகிறவர் பெரிய வாக்கையும் மீறுவார், நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறான். அப்பா கோக்கோவில் பாதியைத் தன் குவளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. நம் வீடுகளில் "எனக்குப் பசியில்ல, நீ சாப்பிடு" என்று சொன்ன அப்பா அம்மாக்களை நினைத்துக்கொண்டு படியுங்கள். நாவல் முழுக்க இருட்டு, மனசு சரியில்லாத நாளில் எடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. கதை எழுதுகிறேன். அப்பா கோயில் காரியங்களில் ஊறிப்போனவர், நானும் அந்த வழியில் வரவேண்டும் என்பது அவர் ஆசை. நான் எழுதுவது அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு யாரைப் படிக்கச் சொல்வீர்கள்? (இளைஞர், ஜார்ஜ்டவுன்)

பதில்: ஜேம்ஸ் பால்ட்வின், தம்பி. வேறு யாரும் வேண்டாம். 1955-இல் புத்தகமாக வந்த 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' என்ற கட்டுரை.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவர் பால்ட்வின். அப்பா சபையில் பிரசங்கம் செய்கிறவர். உண்மையில் வளர்ப்புத் தந்தை, ஆனால் கட்டுரை முழுக்க அப்பா என்றுதான் எழுதுகிறார். கடுமையான மனிதர், வெள்ளைக்காரர் யாரையும் நம்பாதவர், பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒடுங்கிப்போவார்கள். 1943 ஜூலை 29 அன்று அப்பா இறக்கிறார். அதே நாளில், சில மணி நேரம் கழித்து, அவருடைய கடைசிக் குழந்தை பிறக்கிறது. சடங்கு நடந்த நாள் பால்ட்வினுக்கு 19-ஆவது பிறந்தநாள். அந்தச் சமயத்தில்தான் ஹார்லமில் கலவரம் வெடித்திருந்தது. மறுநாள் உடைந்த கடைக் கண்ணாடிகள் தெருவெல்லாம் கொட்டிக்கிடக்க, அதற்கு நடுவில் அப்பாவை அடக்கம் செய்யக் கொண்டு போகிறார்கள். இதெல்லாம் கற்பனையில்லை, அவர் வாழ்க்கையில் அப்படியே நடந்தது.

பால்ட்வினும் 14 வயதிலிருந்து சில வருஷம் பிரசங்கம் செய்தவர்தான். அதை விடப்போகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல ஒன்றும் பேசாமல் அப்பாவும் மகனும் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். திடீரென்று அப்பா கேட்கிறார், பிரசங்கம் செய்வதைவிட எழுதுவதுதான் உனக்குப் பிடிக்கும், இல்லையா என்று. மகன் திகைத்துவிடுகிறான், ஏனென்றால் அப்பா உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. ஆமாம் என்கிறான். அதற்குமேல் ஒன்றுமில்லை. எங்கள் வாழ்நாளில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதானே என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கிறார்.

நீங்கள் காத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் அப்பாவும் அதைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்திருக்கலாம். நீங்கள் முந்திக்கொள்ளலாமே? அவருக்குத் தெரிந்த கோயில் காரியத்தில் ஏதாவது ஒன்றை உங்கள் கதைக்காகப் போய்க் கேளுங்கள். சும்மா பேச்சுக்காகக் கேட்காதீர்கள், உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். வயசானவர்கள் அந்த வித்தியாசத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: நம்மைப்போலக் கடல் தாண்டி வந்த குடும்பத்துக் கதை ஏதாவது அமெரிக்க இலக்கியத்தில் உண்டா? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: நிறைய உண்டு, ஒன்று சொல்கிறேன். ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்', 2003. கல்கத்தாவிலிருந்து மாசசூசெட்ஸ் போன வங்காளிக் குடும்பம். அப்பா அசோக் இளைஞராக இருந்தபோது ஒரு ரயில் விபத்தில் சிக்கி, கையில் இருந்த நிக்கொலாய் கோகலின் கதைப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் விழுந்ததை யாரோ பார்த்ததால் உயிர் பிழைத்தவர். அந்த நன்றிக்காக மகனுக்கு கோகல் என்று பெயர் வைக்கிறார், ஏன் என்று சொல்லாமலேயே. பையன் அந்தப் பெயரை வெறுத்து, 18 வயதில் போய் மாற்றிக்கொள்கிறான். பள்ளியில் பெயர் கூப்பிடும்போது கூனிக்குறுகிய நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

அப்பா வேலை விஷயமாக வேறு மாநிலத்தில் தனியாக இருக்கும்போது மாரடைப்பில் இறந்துபோகிறார். அதற்குப் பிறகு மகனுக்கு ஒரு நாள் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் கேப் காட் என்ற கடற்கரையில் அப்பாவோடு பாறைத் தடுப்பின்மேல் கடலுக்குள் நீளமாக நடந்து போனது. முனைக்குப் போன பிறகுதான் கேமராவைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிகிறது. சரி, ஞாபகத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார் அப்பா. இதற்குமேல் போக இடமில்லை என்கிற இடம் வரைக்கும் நீயும் நானும் சேர்ந்து வந்தோம், அதை மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது, பார்வை போய்விட்டது. நகராண்மைக் கழகத்தில் குப்பை லோரியில் முப்பது வருஷம் வேலை செய்தவர். சாயங்காலத்தில் அவரோடு உட்கார்ந்தால் எனக்கு என்ன பேசுவதென்றே தெரிவதில்லை. இந்தக் கதைகளில் எதை அவருக்குத் தமிழில் சொல்லலாம்? (மகன், ஜாலான் ஈப்போ)

பதில்: மேலே பட்டர்வொர்த் அம்மாவுக்குச் சொன்ன 'ஃபென்சஸ்' நாடகத்தைத்தான். அதில் மகன் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். லோரிக் கதையை முதலில் சொல்லுங்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் ஓட்ட, கறுப்பர்கள் மட்டும் பின்னால் குப்பையைத் தூக்குவது ஏன் என்று டிராய் மேலதிகாரிகளிடம் போய்க் கேட்கிறார். வேலை போய்விடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். கடைசியில் அவரையே ஓட்டுநராகப் போடுகிறார்கள், இத்தனைக்கும் அவரிடம் லைசென்சே கிடையாது. ஆனால் முன்னால் போய் உட்கார்ந்த பிறகு, பேச ஆளில்லை, பின்னால் கூட்டாளியோடு தொங்கிக்கொண்டு போனதுபோல இல்லை என்று பழைய நண்பனிடம் சொல்கிறார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நீங்கள் லோரியில் முன்னால் இருந்தீர்களா பின்னால் இருந்தீர்களா, பக்கத்தில் யார் நின்றது என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் போடுகிறேன்.